பொம்மி எழுந்த மூன்று தடவை

மாடு படுத்துவிட்டது என்று யாராவது கூப்பிட்டால், போனதும் முதலில் அதன் காதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். காது சில்லிட்டிருந்தால், கன்று போட்ட உடம்பில் கால்சியம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, டாக்டரம்மா. ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள் என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போன பிறகு, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சில்லிட்ட காதுதான் நினைவுக்கு வந்தது. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் குஞ்சிதபாதம். வயது நாற்பத்தாறு. டவுன்ஷிப்புக்கு வெளியே, ரயில்வே கேட்டைத் தாண்டிய காலனியில் வீடு. மைன்ஸில் காண்ட்ராக்டில் இருக்கிறேன்; கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடப்பதை வாரிப் போடும் வேலை. பத்தொன்பது வருடமாகக் காண்ட்ராக்ட்தான். எங்கள் பக்கத்தில் நிலம் வைத்திருந்தவர்களுக்கு, மைன்ஸுக்கு நிலம் போனபோது ஏதோ கிடைத்தது. அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களுக்கு வேலை மட்டும் போயிற்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் யார் என்று தெரிந்தால் மற்றது விளங்கும் என்பதற்காகச் சொன்னேன்.

உங்களுக்கு முன்பு இங்கே இருந்த மாட்டு டாக்டருடன் பதினோரு வருடம் சுற்றினேன். முதலில் கயிறு பிடித்தேன், பிறகு பாட்டில் பிடித்தேன், பிறகு அவர் ஜீப்பிலேயே உட்கார்ந்துகொண்டு என்னை மட்டும் உள்ளே அனுப்பத் தொடங்கினார். அவர் மாற்றலாகிப் போனதும் ஜனங்கள் நேராக என்னையே கூப்பிட்டார்கள். பகலில் மாடு பார்க்க வேண்டும் என்பதற்காகவே நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கால்சியம் ஊசியைப் போல மரியாதை தரும் மருந்து வேறு கிடையாது. வீடே கூடி நின்று அழுதுகொண்டிருக்கும். மாடு கழுத்தை மடித்துப்போட்டுக் கிடக்கும். நரம்பில் பாட்டிலை ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் அது உடம்பைச் சிலிர்க்கும், ஏப்பம் விடும், சாணம் போடும், எழுந்து நிற்கும். அப்போது அந்த வீட்டில் என்னைவிடப் பெரிய மனிதன் இல்லை. மறுநாள் அதே தெருவில் எதிரே வந்தால், "இன்னா குஞ்சிதம்" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போவார்கள். இடையில் ஒரு ராத்திரிதான் போயிருக்கும்.

மருதாசலம் பெல்ட் செக்‌ஷனில் போர்மேன், பெர்மனெண்ட். அந்தியூர்ப் பக்கத்துக்காரர். சின்ன வயதிலிருந்து அங்கே ஆடிக் குதிரைச் சந்தையை வேடிக்கை பார்த்து வளர்ந்தவர். ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் இருக்கும்போது, 2013 ஆடியில், அங்கேயிருந்து ஒரு மட்டக்குதிரையை வாங்கி வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மட்டத்திலும் மட்டம், என் இடுப்பு உயரம்கூட வராது. செவலை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. பொம்மி என்று பெயர் வைத்தார். வாங்கும்போதே அது சினை. குவார்ட்டர்ஸின் பின்பக்கம் பலாமரத்தடியில் ஷீட் போட்டுக் கட்டினார். குவார்ட்டர்ஸில் மாடு வளர்க்கத்தான் கூடாது, குதிரை கூடாது என்று எங்கேயும் எழுதியில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் அவர் மனைவி ராஜாம்பாளுக்கும் பிள்ளைகள் இல்லை.

குதிரையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றபோது செவ்வந்தியைச் சேர்த்துவிட்டது நான்தான். என் மனைவியின் தங்கை. தானே புயலில் முந்திரித் தோப்பெல்லாம் சாய்ந்த வருடம் அவள் புருஷன் வேலை தேடித் திருப்பூர் போனான், போனவன் போனவன்தான். அவள் பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். கொட்டைப் பால் பட்டு விரலெல்லாம் கறுத்துத் தோல் உரிந்து கிடக்கும். ஆதார் எடுக்கும் முகாமில் அவள் விரலை மிஷின் எடுக்கவில்லை. மூன்று தடவை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பொம்மியிடம் வந்து நான்கைந்து மாதம் புல்லிலும் தண்ணீரிலும் கை புழங்கியதும் புதுத் தோல் வந்தது. தை மாதம் மிஷின் அவள் விரலை எடுத்துக்கொண்டது. அவள் நேராக என் வீட்டுக்கு வந்து பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

மருதாசலம் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "பொம்மி நல்லபடியா ஈன்று, குட்டி பால்குடி மறக்கட்டும் கண்ணு. வைகாசில உன்னைய ஹவுஸ்கீப்பிங் காண்ட்ராக்ட்ல ஏத்தி உட்டர்றேன். மேஸ்திரி பழனிசாமி நமக்கு வேண்டப்பட்டவன்." அவர் சொன்னால் செய்கிறவர். ஆகவே செவ்வந்திக்கு அந்தக் குதிரையின் உயிர் குதிரையின் உயிர் மட்டும் அல்ல. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் எங்கேயும் சொல்லப்போவதில்லை.

மாசி மாதம் எட்டாம் தேதி பொம்மி குட்டி போட்டது. ஆட்டுக்குட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. பால் நன்றாக ஊற வேண்டும் என்று ராஜாம்பாள் கோதுமைத் தவிடு, செவ்வந்தி கோ-நாலு புல் என்று ஆளாளுக்குப் போட்டார்கள். எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். கறவை மாட்டுக்கு அதைவிட நல்ல தீனி இல்லை. குதிரை உடம்பில் அதே புல்லும் தவிடும் கால்சியத்தைச் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? பன்னிரண்டாம் நாள் காலையில் செவ்வந்தி எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, பொம்மி வெடவெடன்னு நடுங்கிக்கினு இருக்குது மாமா. வாயத் தொறக்க மாட்டேங்குது. வேர்த்து ஊத்துது."

போய்ப் பார்த்தேன். நான்கு காலும் கட்டைபோல விறைத்திருந்தன. தாடை பூட்டிக்கொண்டிருந்தது. விலா இருதயத்தோடு சேர்ந்து விக்கல் மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. அன்று மருதாசலத்துக்கு வார லீவு. "ஜன்னிங்களா தம்பி?" என்று கேட்டார். நான் உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் குறிஞ்சிப்பாடியில் தடுப்பூசி முகாமில் இருந்தீர்கள். கால்சியத்தைக் குளுக்கோஸில் கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள், வேகமாக விட்டால் இருதயம் நின்றுவிடும், ஒரு கை நெஞ்சிலேயே இருக்கட்டும் என்றீர்கள். அப்படியே செய்தேன். அரைமணி நேரத்தில் துடிப்பு அடங்கி, பொம்மி தலையை உதறிவிட்டுக் குட்டியைத் தேடியது. மருதாசலம் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்கு முன் அந்த வீட்டில் எனக்குப் பின்வாசலில் பேப்பர் கப்பில்தான் டீ. அதில் அவர்களுக்கு ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது, அது பாட்டுக்கு வந்த பழக்கம். அன்று ராஜாம்பாள், "டாக்டர் தம்பி, உள்ள வந்து உக்காருங்க. ஏன் வெயில்ல நிக்கறீங்க" என்றார். ஹாலில், சோபாவில், பித்தளை டபராவில் காபி. அவர்கள் குடிக்கிற அதே டபரா. ஃபேன் எனக்காகப் போடப்பட்டது. அவர்கள் இரண்டு பேரும் என் எதிரே உட்கார்ந்து, நான் குடித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. என் கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சாயங்காலம் நீங்கள் மறுபடியும் போன் செய்து, தவிட்டை நிறுத்தச் சொன்னீர்கள், கோ-நாலை நிறுத்தச் சொன்னீர்கள். குதிரைமசால் தழை போட வேண்டும், தாது உப்புப் பவுடர் தினமும் இரண்டு ஸ்பூன் வைக்க வேண்டும் என்றீர்கள். ஒரு வார்த்தை விடாமல் போய்ச் சொன்னேன். மருதாசலம் ஊரிலிருந்து காய்ந்த மசால் மூட்டையைப் பஸ்ஸில் வரவழைத்தார். பவுடர் டப்பாவை நானே வாங்கிக் கொடுத்தேன். பொம்மி மினுமினுவென்று ஆயிற்று. குட்டி துள்ளியது. என்னை யாரும் கூப்பிடவில்லை.

இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு, அந்தப் பக்கம் வந்ததாகச் சொல்லி, ஒரு நாள் போனேன். "குதிரை நல்லா இருக்குதுங்க தம்பி" என்று மருதாசலம் ஜன்னல் வழியாகவே சொன்னார். டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. செவ்வந்தி பின்வாசலில் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். பேப்பர் கப்.

நான் விஷம் வைக்கவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அன்று நான் செவ்வந்தியிடம் சொன்னது இவ்வளவுதான்: "பால் கம்மியா தெரியுது. பவுடர் சூடு, பால் குடுக்கிற ஒடம்புக்கு ஆவாது. இனிமே வெக்காத." சூடு என்று சொன்னால் எங்கள் பெண்கள் மறுபேச்சு பேசமாட்டார்கள். டப்பாவை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். இப்போதும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. மருதாசலத்திடம், மசால் வயிறு உப்பவைக்கும், குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மாட்டுக்கு அது உப்பவைக்கும் என்று அவருக்கே தெரியும், ஆகவே நம்பினார். மறுபடியும் கோ-நாலு, மறுபடியும் தவிடு. நான் சொன்ன எதுவும் ஒரு மாட்டுக்காரன் சொல்லக்கூடாதது அல்ல.

பங்குனி இரண்டாம் வாரத்தில் பொம்மி மறுபடியும் விறைத்தது. செவ்வந்தி கூப்பிட்டது பகல் பதினொன்றரைக்கு. ஓடினேன், உடனே போட்டேன், பன்னிரண்டரைக்கெல்லாம் எழுந்து நின்றுவிட்டது. மருதாசலம் முதல் ஷிப்ட் முடிந்து இரண்டரைக்கு வந்தார். வந்து பார்த்தால் குதிரை புல் தின்றுகொண்டிருக்கிறது. ராஜாம்பாளும் கோயிலுக்குப் போயிருந்தார். "அப்படிங்களா, நல்லதுங்க தம்பி" என்றார், சட்டையைக் கழற்றிக்கொண்டே. நின்றுகொண்டிருக்கும் குதிரை யாருக்கும் எதையும் சொல்வதில்லை. விழுந்து கிடந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும். அது என் தவறுதான் என்று அன்று வீட்டுக்குப் போகும் வழியில் புரிந்துகொண்டேன்.

மூன்றாம் தடவை பங்குனி கடைசியில். அன்று செவ்வந்தி கூப்பிட்டதும் இரண்டு மணிக்கு முன்பே போய்விட்டேன். பையைத் திறக்காமல், விறைத்துக் கிடந்த பொம்மியின் நெஞ்சில் கை வைத்தபடி நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். இரண்டரைக்கு மருதாசலம் பைக்கை நிறுத்தும் சத்தம் கேட்டதும் பாட்டிலை மாட்டினேன். அவர் யூனிபார்மோடு மண்ணில் முட்டிபோட்டு உட்கார்ந்து அழுதார். பொம்மி எழுந்தபோது என் தோளில் சாய்ந்துவிட்டார். அன்று டபரா காபி மட்டுமல்ல, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று இலை போட்டார்கள். மருதாசலம் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க எங்க வூட்டுப் பிள்ளையாட்ட தம்பி" என்றார். செவ்வந்தி பின்பக்கம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். பொம்மி பிழைத்ததில் அவளுக்கும் முகமெல்லாம் சிரிப்பு.

காத்திருந்த நாற்பது நிமிடம் குதிரைக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். நான் அதைப் பற்றி யோசித்தேன். அது கஷ்டப்பட்டது. ஆனால் முடிவில் நான் அதை எழுப்பிவிடுவேன் என்பது எனக்குத் தெரியும், அதனால் அந்தக் கஷ்டம் எனக்கு ஒரு கஷ்டமாகத் தோன்றவில்லை.

சித்திரை ஐந்தாம் தேதி. குட்டிக்கு ஐம்பத்தெட்டு நாள். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. செவ்வந்தி ஒன்று இருபதுக்குக் கூப்பிட்டாள். ஒன்று முப்பத்தைந்துக்குப் போய்விட்டேன். பொம்மி படுத்திருந்தது, முந்தைய தடவைகளைவிட மோசம். கண் உருண்டுகொண்டிருந்தது. குட்டி அதன் மடியை முட்டிக்கொண்டே இருந்தது. ராஜாம்பாள் உள்ளே போய்ச் சாமி விளக்கை ஏற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார், அவரால் இதையெல்லாம் பார்க்க முடியாது. நான் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மருதாசலம் வர ஒரு மணி நேரம்தான் இருந்தது.

இரண்டரை ஆயிற்று. வரவில்லை. மைன்ஸில் பெல்ட் அறுந்து, முதல் ஷிப்ட் ஆட்களை நிறுத்திவைத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. செவ்வந்தி ஈரத்துணியால் பொம்மியின் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"மாமா, ஊசி போடுங்க மாமா."

"இரு. ஒடம்பு காந்துது. இப்ப போட்டா இருதயம் நின்னுடும்."

வேகமாகப் போட்டால் நின்றுவிடும் என்று நீங்கள் போனில் சொன்னதை, முதல் தடவை நான் திருப்பிச் சொன்னபோது அவளும் கேட்டிருக்கிறாள். ஆகவே தலையாட்டினாள். துணியை நனைத்துக்கொண்டு வந்தாள். மூன்று மணிக்கு மறுபடியும் கேட்டாள், இந்தத் தடவை வாயால் அல்ல, என் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இதோ வந்துவிடுவார், இதோ வந்துவிடுவார் என்றுதான் ஒவ்வொரு ஐந்து நிமிடமும் நினைத்தேன். மூன்றரைக்கு, தெருமுனையில் நின்று மருதாசலம் வருகிறாரா பார் என்று அவளை அனுப்பினேன். மூன்று ஐம்பதுக்கு விலாத்துடிப்பு நின்றது. முதலில் விறைப்பு குறைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஒரு வெறும் ஊசியை எடுத்துக் கழுத்து நரம்பில் குத்தி எடுத்தேன். ஊசி போட்ட அடையாளம் இருக்க வேண்டும். குளுக்கோஸ் பாட்டிலைத் திறந்து பாதியை மண்ணில் ஊற்றினேன். பிறகு தெருமுனைக்குப் போய்ச் செவ்வந்தியிடம் சொன்னேன்: "போய்டுச்சி. கொஞ்சம் முன்னாடி கூப்ட்டிருக்கலாம் நீ. அதிகாலையிலியே நடுங்கியிருக்கும், நீ கவனிக்கல." அவள், "தூங்கிட்டனா மாமா?" என்று என்னையே கேட்டாள். நாலேகாலுக்கு மருதாசலம் வந்தார். அவரிடமும் அதையே சொன்னேன். அவர் என்னைப் பிடித்துக்கொண்டுதான் அழுதார், அவளைப் பிடித்துக்கொண்டு அல்ல. இதையும் எழுதிவிடுகிறேன், எனக்கு அது நன்றாக இருந்தது.

மறுநாள் ராஜாம்பாள் செவ்வந்தியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். திட்டவில்லை, அடிக்கவில்லை. வைகாசி வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. குட்டிக்குப் பாக்கெட் பால் கொடுத்தார்கள், கழிச்சல் கண்டு ஒன்பதாம் நாள் செத்தது. அதற்கும் நான்தான் மருந்து கொடுத்தேன். அதில் என்மேல் குற்றம் இல்லை, அது உண்மையான கழிச்சல், நானும் உண்மையாகத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு மருதாசலம் ஷெட்டைப் பிரித்துவிட்டார். எனக்கு அந்த வீட்டில் வேலை இல்லாமல் போயிற்று. ஒரு தடவை கடைத்தெருவில் பார்த்தார், தலையை ஆட்டினார், பைக் நிற்கவில்லை.

பொம்மியின் பிரேதப் பரிசோதனை அன்று நீங்கள் கழுத்தில் குத்திய இடத்தை விரலால் தடவிப் பார்த்ததை நான் கவனித்தேன். வயிற்றில் இருந்த தவிட்டையும் பார்த்தீர்கள். கத்தியைத் துடைக்கத் துணி கேட்டபோது நான் பையைத் திறந்தேன். சீல் உடையாத கால்சியம் பாட்டில் மேலேயே இருந்தது. நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்டீர்கள், பாட்டில் இருந்தும் ஏன் போடவில்லை என்று. பதில் மேலே இருக்கிறது. பொம்மியைக் கொன்றது நான்தான். முதல் தடவை தவிர மற்ற இரண்டு தடவையும் அதைப் படுக்கவைத்ததும் நான், எழுப்பியதும் நான். நான்காம் தடவை படுக்கவைத்ததும் நான்.

ஆனால் உங்களைத் தவிர வேறு யாரும் என்னைக் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். செவ்வந்தியே கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டிக்குப் போய் அவளைப் பார்த்தேன். மறுபடியும் கொட்டை உடைக்கிறாள். வெளியே வந்து நின்றாள். கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள், பிறகு மறந்துபோய் எடுத்தாள். பத்து விரலும் கறுத்து வெடித்திருந்தன. ரேஷன் அரிசியைப் பற்றி, அக்காவைப் பற்றி என்று ஏதேதோ பேசினோம். கிளம்பும்போது கேட்டாள்.

"மாமா, நான் கொஞ்சம் முன்னாடி கூப்புட்டிருந்தா பொழச்சிருக்கும் இல்ல?"

நான் யோசித்தேன். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்று இருபதுக்குக் கூப்பிட்டாள். பன்னிரண்டுக்குக் கூப்பிட்டிருந்தாலும் நான் நாலேகால்வரை உட்கார்ந்துதான் இருந்திருப்பேன். ஆனால் இத்தனை நாள் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறவளிடம் அப்படி எதையாவது சொன்னால் அவள் தாங்கமாட்டாள் என்று தோன்றியது. அவள் மனம் ஆற வேண்டும். அதனால், "பொழச்சிருக்கும்தான். போவட்டும் வுடு. நான் ஒன்னும் மனசுல வெச்சிக்கல" என்றேன். அவள் குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். விரல்கள் சொரசொரவென்று இருந்தன. பஸ்ஸில் வரும்போது, அவளை மன்னிக்க நானாவது ஒருவன் இருக்கிறேனே என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.